மர்ளியா ராத்தாவின் சக்கரப் பலகை

காலை ஏழரைக்கு ஆலையின் கூரைத் தகரம் வெயிலில் முறுகத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சத்தமும் வரும். சீமெந்துத் தரையில் நான்கு சின்னச் சக்கரங்கள் உருளும் சத்தம். நான்கில் ஒன்று மட்டும் சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்று இடறும். அந்த 'டிக்' கேட்டால் மர்ளியா ராத்தா வேலையைத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. அவருக்கு நாற்பத்தாறு வயது. பாரம் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டும் பத்திநாதர் மட்டும் 'தங்கச்சி' என்பார். மற்ற எல்லோருக்கும் அவர் ராத்தாதான், மெனேஜருக்குக்கூட.

கற்பிட்டிக்குப் போகும் வீதியில், முன்னால் தென்னந்தோட்டமும் பின்னால் களப்பு என்கிற உப்புநீர் ஏரியுமாக இருக்கிறது எங்கள் ஆலை. தேங்காய் மட்டையிலிருந்து தும்பை எடுத்த பிறகு மிஞ்சும் தூளைக் காயவைத்து, அழுத்தி, ஐந்து கிலோக் கட்டிகளாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதில் தக்காளி நடுகிறார்களாம். கட்டிகளைப் பலட் என்கிற மரத் தட்டின் மேல் ஆளுயரத்தையும் தாண்டி அடுக்குவார்கள். அப்படி அடுக்கியது கொண்டெய்னரிலும் கப்பலிலும் யாரோ ஒருவருடைய லொறியிலும் ஆடாமல் போய்ச் சேர வேண்டும். அதற்காக அதைச் சுற்றி, இழுத்தால் நீளும் மெல்லிய பொலித்தீனை வரிந்து சுற்ற வேண்டும். அதுதான் ராத்தாவின் வேலை. முடிந்த பலட்டுகளைக் கதவோரத்தில் நின்று குறிப்பது என் வேலை. நாள் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றும் சொல்லலாம்.

அவருடைய இடது முழங்கால் மடங்காது. அது எப்படி நடந்தது என்பதை அவர் ஒருவருக்குச் சொன்னதுபோல் இன்னொருவருக்குச் சொன்னதில்லை. பத்திநாதரிடம், தோணியைக் கரைக்கு இழுத்தபோது உருளைக் கட்டை காலில் ஏறிவிட்டது என்றார். கதவோரத்தில் எனக்குப் பக்கத்தில் வேலை செய்யும் றிம்ஸானிடம், மாங்காய் களவெடுக்கப் போய் மரத்தால் விழுந்ததாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்காமலே ஒருநாள் எனக்கும் ஒன்று சொன்னார்: கலியாணத்தன்று பொம்பிளைக் கதிரையிலிருந்து விழுந்ததாம்.

"மூண்டில எது உண்மை, ராத்தா?" என்று றிம்ஸான் மறித்தான்.

"ஒனக்கி எது வேணுமோ அத எடுத்துக்க. கால் எல்லாத்துக்கும் ஒரேமாதிரித்தான் நோகுது."

காலின் கதை எதுவானாலும் அது செய்த வேலை ஒன்றுதான். எங்கள் கரையில் பெண்களுக்குக் கிடைக்கும் வேலை எல்லாமே குந்தியிருந்து செய்கிற வேலை. எத்தாளையில் வெங்காயப் பாத்தியில் களை பிடுங்க வேண்டும். கற்பிட்டி மீன்வாடியில் மீனைக் கீறி உப்பிட வேண்டும். இரண்டுக்கும் போய் இரண்டிலும் நிற்க முடியாமல் வந்தார். எங்கள் ஆலையின் காயவைக்கும் தளத்துக்கு வந்தபோதும் அதுவே நடந்தது. அங்கே தூளைக் குந்தியிருந்து கூட்டி அள்ள வேண்டும். ஒரு கிழமையில் கால் வீங்கிவிட்டது. அந்த நேரம் பொலித்தீன் சுற்றும் பையன் ஒருவன் கட்டாருக்குப் போக, "நான் சுத்திப் பாக்கட்டா?" என்று கேட்டுப் பொலித்தீன் றோலைத் தூக்கினார். நின்றபடி செய்கிற வேலை என்று நினைத்துத்தான் தூக்கினார். ஆனால் ஒரு பலட்டின் முக்கியமான சுற்று தரையோடு தரையாக இருக்கிறது.

அன்று பின்னேரம் ராத்தாவைக் கூட்டிப்போக அவருடைய மாப்பிள்ளை, அதாவது கணவர், சாஹுல் ஹமீது சைக்கிளில் வந்தார். களப்பில் இறால் பிடிக்கிறவர். ஒரு நாளில் பத்துச் சொல்லுக்கு மேல் பேசாதவர். வாசலில், பழைய மெனேஜர் தூக்கிப்போட்ட உடைந்த சுழல் கதிரை கிடந்தது. அதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காவலாளியிடம் மூன்று தரம் அனுமதி கேட்டார். அடுத்தநாள் அந்தக் கதிரையின் சக்கரங்கள் ஒரு பலகையின் அடியில் இருந்தன. பலகையோடு ஒரு கோலும் வந்தது. தோணி தள்ளும் கோலில் நாலடி வெட்டி, உள்ளங்கை பட்டுப் பட்டு மினுங்கிய பக்கமாகப் பார்த்து எடுத்தது. றோலின் நடுத் துளைக்குள் கோலைச் செருகினால், எட்டாத உயரத்துக்கும் றோலைத் தூக்கிப் பிடிக்கலாம்.

ராத்தா வேலை செய்வது இப்படி. பொலித்தீன் நுனியைக் கயிறாக முறுக்கிப் பலட்டின் மூலைக் கட்டையில் முடிவார். பலகையில் உட்கார்ந்து, மடங்காத காலை முன்னால் நீட்டி, மற்றக் குதியால் தரையை உந்துவார். பலகை பின்னோக்கி உருளும். றோல் கிறீச்சிட்டுக்கொண்டு அவிழும். கால் முன்னால் பார்த்தபடி இருக்க, ஆள் பின்னால் போவார். அடிச் சுற்று நாலும் பலட்டின் மரத்தை ஒரு கையகலம் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் போர்க்லிப்டின் இரும்பு நாக்கு நுழையும் வாய் மூடிவிடும். மேலே ஏறினால் கட்டிகள் கட்டிகளோடு மட்டும் சேர்ந்திருக்கும், மரத்தோடு சேராது.

எவ்வளவு இழுக்க வேண்டும் என்று புதிதாக வந்த ஒருவன் கேட்டபோது, "பள்ளிக்கூடம் போற புள்ளக்கித் தல பின்னுற மாதிரி. கூட இழுத்தா அழும். கொறய இழுத்தா வாசல் தாண்ட முந்தி அவுந்திரும்" என்றார். கடைசி நுனியை மட்டும் அவர் மற்றவர்களைப்போல் அறைந்து ஒட்டிவிட்டுப் போகமாட்டார். மூன்றாக மடித்து, முக்காட்டின் நுனியைக் காதோரம் செருகுவதுபோல், நெஞ்சளவில் முந்தின சுற்றுக்குள் செருகுவார்.

றிம்ஸான் கரைத்தீவுப் பையன். இருபத்துநாலு வயது, ஆறடி உயரம், ஒரு நிமிஷம் வாய் மூடாது. அவனும் பொலித்தீன் சுற்றுகிறவன்தான்.

"ராத்தா, லைசென்ஸ் ஈக்கா? வளைவுல ஹோர்ன் அடிச்சிட்டு வாங்க."

"மொதல்ல ஒண்ட வாயிக்கி ஒரு பிரேக் போடு."

இவ்வளவு கதைத்தாலும் கையோடு கை படுகிற எதுவும் அவர்களுக்குள் இல்லை. உறவில்லாத ஆணுக்கும் பெண்ணுக்கும் அது இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒழுங்கு. றிம்ஸான் கத்தி கேட்டால் ராத்தா அதைப் பலகையில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளிவிடுவார். பலகை 'டிக் டிக்' என்று அவன் காலடிக்குப் போகும். தேநீரும் அப்படியே போகும். ஒரு துளி சிந்தாது.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது. மாசித் தொடக்கத்தில் ஒரு படம் வந்தது.

பொருள் வாங்குகிறவர்கள் அனுப்பிய படம். திறந்த கொண்டெய்னருக்குள் ஒரு பலட்டின் மேல்பகுதி, பஸ்ஸில் தூங்கி விழுகிறவரின் தலைபோல் சாய்ந்திருந்தது. கீழே கட்டிகள் உடைந்து தூளாகிக் கிடந்தன. அதை எங்களுக்குக் காட்டியவர் நஜாத், சிலாபம் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மாதமான மெனேஜர். கெட்டவர் அல்ல. ஆனால் மேலிடத்துக்கு ஏதாவது செய்துகாட்ட வேண்டிய நிலையில் இருந்தார். அவர் கண் பலகையில் போய் நின்றது.

"ராத்தா, ஒங்களக் குத்தம் சொல்லல்ல. ஆனா இது நிண்டு செய்யிற வேல. வாங்குறவங்க ஒருநாள் வந்து பாத்தா, வீல் வெச்ச பலகையில இருந்து சுத்துறத என்னண்டு நினைப்பாங்க? திங்கக்கிழமயில இருந்து நீங்க காயவைக்கிற பக்கம் போங்க. றிம்ஸானோட இன்னொரு பையனப் போடுவம். இனி யார் சுத்தினதுண்டு ஒவ்வொரு பலட்டுலயும் ஒரு சீட்டும் ஒட்டணும்."

ராத்தா நீட்டிய காலின் முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டார். காயவைக்கும் தளத்தில் ஒரு கிழமைக்கு மேல் அந்தக் கால் தாங்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு போக இந்தக் கரையில் அவருக்கு வேறு வேலையும் இல்லை.

பத்திநாதர் போர்க்லிப்டின் எஞ்சினை நிறுத்தினார். வன்னியில் இருந்து வந்து இருபது வருஷமாக இங்கே இருக்கிறார். கதைக்கிற விதம் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.

"சேர், நான் ஒண்டு சொல்லலாமோ? எல்லாரும் சுத்தினதை நான்தானே தூக்கிறன். தங்கச்சியின்ரை பலட் பிள்ளை மாதிரி மடியிலை ஏறி இருக்கும். இவன் றிம்ஸான்ரை, மேலுக்குப் பாத்தால் மாப்பிள்ளை, கீழுக்குக் கால் வழுக்கும்."

"ஐயோ பத்தி அண்ணன், நான் என்ன செஞ்சன்?" என்றான் றிம்ஸான்.

"கதையாதை. சேர், கடலைப் பற்றி எனக்குத் தெரியாது. எத்தாளைக்குப் போற உள்றோட்டைப் பற்றித் தெரியும். அதிலை போய்த் திரும்பி வந்து நிக்கிற சாமான் எந்தச் சமுத்திரத்திலையும் நிக்கும். டிரக்டர் சும்மாதானே கிடக்குது. ஆளுக்கொரு பலட் ஏத்திப் பாப்பமே?"

நஜாத் யோசித்தார். "ஹரி" என்றார், 'சரி' என்பதைச் சிங்களத்தில். "சனிக்கிழம காலையில. விழாம வந்தா நீங்க இங்கயே இரிங்க, ராத்தா. விழுந்தா அதுக்குப் பொறகு என்னோட கதைக்கக் கூடாது."

சனிக்கிழமை ராத்தா அரைமணி முந்தி வந்தார். அடிச் சுற்றை நாலுக்குப் பதில் ஆறாகச் சுற்றினார். நெஞ்சளவு வரை எழும்பி நின்று சுற்றினார். அதற்கு மேலே கோலால் றோலைத் தூக்கிப் பிடித்துச் சுற்றினார். கை முழுக்க உயர்ந்துவிட்டால் இழுக்கப் பலம் இராது. முக்காலியில் ஏற முழங்கால் விடாது. மேல் விளிம்பில் பொலித்தீன் ஒரு தாவணிபோல் தொளதொளவென்று கிடந்ததை நான் கண்டேன். அவரும் கண்டார் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, நுனியை மூன்றாக மடித்துச் செருகினார்.

றிம்ஸானுடைய பலட் கண்ணாடிபோல் நின்றது. மேல் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் மடித்துப் பிடித்திருந்தான். அடியில் மட்டும், குனியச் சோம்பல்பட்டு, மரத்துக்கு நாலு விரல் மேலே தொடங்கியிருந்தான்.

இரண்டு பலட்டையும் பின்பெட்டியில் ஏற்றிய டிரக்டர் முன்னால் போக, நஜாத்தின் மோட்டார்சைக்கிளில் அவருக்குப் பின்னால் இருந்து நானும் போனேன். பத்திநாதர் சொன்னது பொய்யில்லை. அந்த வீதியில் குழிகளுக்கு நடுவே கொஞ்சம் தார் இருந்தது. போகும்போது உடைந்த மதகில் பெட்டி ஒருதரம் தூக்கிப் போட்டது. றிம்ஸானின் பலட்டில் ஒரு கட்டியும் விழவில்லை. ஆனால் முழு அடுக்கும் ஒரே ஆளாகச் சேர்ந்து, மரத்தை விட்டுவிட்டு அரை அடி தள்ளிப்போய் நின்றது, செருப்பைக் கழற்றிவிட்டு நகர்ந்தவர்போல. ராத்தாவின் அடுக்கு ஆணி அடித்த மாதிரி மரத்தில் இருந்தது. நஜாத் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வரும்போது அதே மதகு. இந்தத் தரம் ராத்தாவின் பலட்டில் மேல் இரண்டு வரிசை மெல்லச் சாய்ந்தது. தாவணி நழுவியது. மூன்று கட்டிகள் வீதியில் விழுந்து வெடித்தன. ஓர் ஆடு வந்து முகர்ந்து பார்த்து, தும்மிவிட்டுப் போனது. தூளாகாமல் கிடந்த துண்டுகளை நஜாத் பொறுக்கி என் மடியில் வைத்தார். 

வாசலில் ராத்தா நின்றார். அவர் முதலில் பார்த்தது டிரக்டரை அல்ல, என் மடியை.

"ரெண்டு பேரும் பெயில்" என்றார் நஜாத். குரலில் கோபம் இல்லை.

ராத்தா பெட்டியைச் சுற்றி ஒருதரம் நொண்டி நடந்தார். சாய்ந்த மேல்பகுதியைப் பார்த்தார். பிறகு, "சேர், அந்தப் படத்த ஒருக்கா காட்டுங்க" என்றார்.

நஜாத் போனை டிரக்டர் பெட்டியின் விளிம்பில் வைத்தார். ராத்தா குனிந்து, இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தார். சாய்ந்த மேல்பகுதியை விட்டுவிட்டு, கீழே, நெஞ்சளவில், எதையோ தேடினார். கண்டுபிடித்ததும் விரலை எடுத்துக்கொண்டார்.

"இது என்ட கை."

"எப்பிடிச் சொல்றீங்க?"

"நுனியப் பாருங்க. மூண்டா மடிச்சிச் செருகி ஈக்கி. இங்க வேற யாரும் அப்பிடிச் செய்யிறல்ல."

அது யாருடைய கை என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. சீட்டு இல்லாத காலத்துப் பலட் அது. சொல்லாமல் விட்டிருந்தால் யார் சுற்றியது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. 

"மேல எனக்கு எட்டாதுண்டு எனக்குத் தெரியும், சேர்" என்றார் ராத்தா. "கட்டார் போன பையன்ட கூட்டாளி ஒருத்தன் ஈந்தான், ஒசரமானவன். அவன் மேல ஒரு சுத்துச் சுத்தித் தருவான். அவனும் போனதுக்குப் பொறகு நான் யாருட்டயும் கேக்கல்ல. கேட்டா, வேல தெரியாதவள்ண்டு ஆயிருமோண்டு பயம். அந்தப் பயத்தாலதான் இது விழுந்திச்சி. நான் திங்கக்கிழம அந்தப் பக்கம் போறன்."

அன்று சாஹுல் ஹமீது வந்தபோது, பலகையைச் சைக்கிளில் கட்டுவதற்குக் கயிறு எடுத்தார். ராத்தா வேண்டாம் என்று கையைக் காட்டினார். பலகையும் கோலும் சுவரோரம் கிடந்தன.

திங்கட்கிழமை ராத்தா காயவைக்கும் தளத்தில் இருந்தார். பெரிய கதவுக்கு வெளியே உள்ள வெட்டவெளி அது. குந்த முடியாமல், ஒரு காலை நீட்டி, தூளின் மேலேயே இருந்து அள்ளிக்கொண்டிருந்தார். முக்காட்டின் மேல் தூள் படிந்து அவரும் அந்தக் குவியலில் ஒரு பகுதிபோல் தெரிந்தார்.

உள்ளே றிம்ஸான் முதல் பலட்டுக்குக் குனிந்தான். சனிக்கிழமைக்குப் பிறகு அவனும் மரத்தைப் பிடித்துத்தான் சுற்றப் பார்த்தான். இரண்டாவது சுற்றில் பொலித்தீன் மேலே ஏறிவிட்டது. அறுத்தான். திரும்பத் தொடங்கினான். ஆறடி உடம்பு தரையோடு மடிந்து பின்னால் நடப்பது, ஒட்டகம் கட்டிலுக்கு அடியில் செருப்புத் தேடுவதுபோல் இருந்தது. மூன்றாம் தரம் அறுத்த பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். சுவரோரம் கிடந்த பலகையைப் பார்த்தான். அதை இழுத்து, றோலையும் கோலையும் மேலே வைத்து, கதவை நோக்கி ஒரு தள்ளுத் தள்ளினான்.

டிக். டிக். டிக். பலகை கதவைத் தாண்டி, வெயிலில் போய், ராத்தாவின் நீட்டிய பாதத்தில் முட்டி நின்றது.

"ராத்தா, கீழ மட்டும் ஒரு நாலு சுத்து. அல்லாவுக்காக. என்ட இடுப்புப் போச்சு."

ராத்தா மெனேஜரின் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தார். நஜாத் அங்கேதான் நின்றார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பத்திநாதர் மட்டும், "தங்கச்சி, நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப்போட்டன். எவ்வளவு நேரம் எண்ணெயை எரிக்கிறது?" என்றார்.

ராத்தா தூளைத் தட்டிவிட்டு வந்தார். பொலித்தீன் நுனியை மூலைக் கட்டையில் முடிந்தார். நாலு சுற்று. பிறகு எழும்பி நெஞ்சளவு வரை கொண்டுபோனார். அங்கே வந்ததும் இருவருக்கும் ஒரு சிக்கல் வந்தது. அறுத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினால் அந்த இடம் பலவீனமாகிவிடும். அறுக்காமல் மாற்றுவதென்றால், இறுக்கம் குறையாமல் கையிலிருந்து கைக்குக் கொடுக்க வேண்டும். பலகையில் வைத்துத் தள்ளிவிட இது தேநீர் இல்லை. றிம்ஸான் கையை நீட்டிவிட்டு, உடனே இழுத்துக்கொண்டான்.

ராத்தா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கோலின் அடி முனைக்குத் தன் கைகள் இரண்டையும் இறக்கி, றோலை நிமிர்த்திப் பிடித்தார். றோலுக்கு மேலே ஒன்றரை அடிக் கோல் வெறுமையாக நின்றது.

"மேல் நுனியப் புடி. ஒசரத்துக்கு ஒரு வேலயாவது ஈக்கட்டும்."

அவன் மேல் முனையைப் பிடித்தான். நடுவில் றோல். ஒரு சுற்று இருவரும் சேர்ந்தே சுற்றினார்கள், ராத்தா நொண்டியபடி, அவன் அந்த நடைக்கு ஏற்றபடி. இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் ராத்தா கையை விட்டார். பொலித்தீன் தளரவில்லை. றிம்ஸான் மேல் விளிம்பைத் தாண்டிச் சுற்றி, மடித்துப் பிடித்து, கீழே இறங்கி வந்து, அறுத்து, நுனியை அறைந்து ஒட்டப் போனான்.

"டேய்" என்றார் ராத்தா.

அவன் அதை மூன்றாக மடித்துச் செருகினான். கோணலாகத்தான் வந்தது.

பத்திநாதர் அந்தப் பலட்டைத் தூக்கி, முற்றத்தில் வேண்டுமென்றே வேகமாகப் போய், வேண்டுமென்றே பிரேக் அடித்தார். போர்க்லிப்ட் குனிந்து நிமிர்ந்தது. பலட் அப்படியே இருந்தது. கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு நஜாத் வெளியே வந்தார். பலட்டைச் சுற்றி நடந்து, அடியில் ஒரு காலால் தட்டி, மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"சீட்டுல ரெண்டு பேரையும் போடுங்க. காயவைக்கிற பக்கத்துக்கு வேற ஆளக் கேக்குறன்."

சீட்டில் பேருக்கென்று இருந்தது ஒரே ஒரு சின்னக் கட்டம். எழுத்தைச் சிறிதாக்கி, மேலே றிம்ஸான், கீழே மர்ளியா என்று எழுதி ஒட்டினேன். ராத்தா பலகையை உருட்டிக்கொண்டு அடுத்த பலட்டுக்குப் போகிற வழியில் நின்று, அதைப் படித்தார்.

"என்ட பேரக் கீழயா போட்டீங்க?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வாணா மகன். மேல போட்டாலும் எனக்கு எட்டாது" என்று சொல்லிவிட்டு, குதியால் தரையை உந்தினார்.